எழுபத்தெட்டு வயது விமானி!

சுட்டிகளே! உங்கள் வீட்டில் தாத்தா இருக்கிறாரா? அவர் இன்னமும் வண்டி ஓட்டுகிறாரா?

மதுரையில் கீழவாசல், சிம்மக்கல், நெல்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு தாத்தா, பழைய டி.வி.எஸ். 50 வண்டியில், முன்னால் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு நிதானமாகப் போய்க்கொண்டிருப்பார். பின்னால் வரும் பஸ் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். அவர் வீடு திரும்பியதும் அங்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். இனிமேல் வண்டியை எடுக்க வேண்டாம் என்பார் மகன். மாமாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்பார் மருமகள். பேரன்தான் பாவம், யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் விழிப்பான். பின் சீட்டு சவாரி போய்விடுமே! தாத்தாவோ எதுவும் பேசாமல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார்.

டி.வி.எஸ். 50க்கே இவ்வளவு என்றால், ஒரு தாத்தா ஆகாய விமானத்தையே ஓட்டப் போகிறேன் என்று கிளம்பினால் என்ன ஆகும்? அதுவும் எழுபத்தெட்டு வயதில்! அதுவும் ஒரே ஒரு இன்ஜின் உள்ள சின்னஞ்சிறு விமானத்தில், கராச்சியிலிருந்து மும்பை வரைக்கும்!

அப்படி ஒருவர் நிஜமாகவே கிளம்பினார். அவர்தான் ஜெ.ஆர்.டி. டாடா. ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா என்பது முழுப் பெயர். இரும்பு ஆலை, லாரி, ரசாயனம் என்று பல தொழில்களை நடத்திய டாடா குழுமத்தின் தலைவராக அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர். விமானம் ஓட்டித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலை அவருக்கு இல்லை. ஆசைக்காகப் பறந்தவர் அவர். ஆசைக்காகப் பறப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. எப்போது நிறுத்துவது என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஜெ.ஆர்.டி. பிறந்தது 1904ஆம் ஆண்டு ஜூலை 29ந் தேதி, பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில். அப்பா பார்சி இனத்தைச் சேர்ந்த இந்தியர். அம்மா பிரெஞ்சுக்காரர். கோடை விடுமுறை வந்தால் குடும்பம் வடக்கு பிரான்சில் ஹார்டலோ என்ற கடற்கரை ஊருக்குப் போகும். அங்கே பக்கத்தில் ஒரு வீடு லூயி ப்ளேரியோ என்பவருடையது. யார் தெரியுமா அவர்? 1909ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டிய அதே ப்ளேரியோதான்! அந்தக் கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்கும். மற்றப் பிள்ளைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருக்க, சிறுவன் ஜஹாங்கீர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். பதினைந்தாவது வயதில் ஒரு விமானத்தில் சிறிது நேரம் உட்கார்ந்து பறக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆனால் அந்த ஆசை நிறைவேறப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் அம்மா இறந்துபோனார். 1926ல் அப்பாவும் இறந்துபோனார். இருபத்திரண்டு வயதில் குடும்பப் பொறுப்பு தலையில் விழுந்தது. 1929ல் மும்பையில் விமானப் பயிற்சிக் கழகம் வந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 10ந் தேதி அவருக்கு விமானி உரிமம் கிடைத்தது. உங்கள் அப்பாவின் டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள், எவ்வளவு நீளமான எண் இருக்கிறது! ஜெ.ஆர்.டி.யின் உரிமத்தில் இருந்தது ஒரே ஒரு எண். 1. ஆமாம், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அதுதான்.

அடுத்த ஆண்டே ஒரு போட்டி வந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, குறிப்பிட்ட நாட்களுக்குள், தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். மூன்று பேர் களத்தில் குதித்தார்கள். ஒருவர் மன்மோகன் சிங். (பிரதமராக இருந்தவர் அல்ல, இவர் வேறு!) இன்னொருவர் ஆஸ்பி இன்ஜினியர். இன்ஜினியர் என்பது அவருடைய படிப்பு அல்ல, குடும்பப் பெயர். அவருக்கு வயது பதினேழுதான்! மூன்றாவது ஆள் நம்ம ஜெ.ஆர்.டி. மற்ற இருவரும் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கி வந்தார்கள். ஜெ.ஆர்.டி. 1930 மே மாதம் கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பினார்.

விமானத்தின் பெயர் ஜிப்ஸி மாத். மேலே கூரை கிடையாது. முகத்தில் காற்று அறையும். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் வரைபடம் பறந்துவிடும்!

எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் ஜெ.ஆர்.டி. இறங்கினார். பார்த்தால், அங்கே ஆஸ்பி இன்ஜினியர் சோகமாக நின்றுகொண்டிருந்தார். அவருடைய இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும். உங்கள் தெரு மெக்கானிக் கடையில் பார்த்திருப்பீர்கள். விரல் நீளத்தில், வெள்ளைப் பீங்கான் சுற்றிய ஒரு சிறிய பொருள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பொறி வைத்து எரிய வைப்பது அதுதான். அது கெட்டுப்போனால் இன்ஜின் இருமும், திணறும், நின்றுவிடும். சாலையில் நின்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். பாலைவனத்துக்கு மேலே நின்றால்?

ஜெ.ஆர்.டி.யிடம் கூடுதலாகப் பிளக்குகள் இருந்தன. ஆஸ்பி அவருக்குப் போட்டியாளர். பேசாமல் தன் வழியே போயிருந்தால் பரிசு அவருக்குத்தான். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் எடுத்துக் கொடுத்துவிட்டார். இருவரும் எதிரெதிர்த் திசையில் பறந்தார்கள். ஜெ.ஆர்.டி. லண்டனை அடைந்தபோது, சில மணி நேரத்துக்கு முன்பே ஆஸ்பி கராச்சியில் இறங்கிவிட்டிருந்தார். மன்மோகன் சிங்கும் வந்து சேர்ந்தார், ஆனால் நாள் கணக்கில் பிந்திவிட்டார். பரிசு ஆஸ்பிக்கே! அந்தப் பையன் பிறகு விமானப் படையில் சேர்ந்து, 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாகவே இருந்தார்.

சரி, அந்தக் காலத்தில் வழியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஜி.பி.எஸ். கிடையாது. அவர்கள் ஓட்டிய சிறு விமானங்களில் வானொலித் தொடர்பும் கிடையாது. நாம் ஒரு கற்பனை செய்து பார்ப்போமா? நீங்கள்தான் விமானி. திண்டுக்கல்லுக்கு மேலே இருக்கிறீர்கள். மதுரைக்குப் போக வேண்டும்.

முதல் வேலை, ரயில் தண்டவாளத்தைத் தேடுங்கள். கறுப்பு நூல் மாதிரி தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு தெற்கே வாருங்கள். இடது பக்கம் சிறுமலை வந்தால் சரியான வழிதான். சோழவந்தான் பக்கம் வந்தால் பச்சை வயலும் தென்னந்தோப்பும். கூடவே வைகை. அதில் தண்ணீர் இருந்தால் பளபளக்கும், இல்லையென்றால் அகலமான மணல் பாதை மாதிரி வெளுத்துக் கிடக்கும். வலது பக்கம் நீளமாகப் படுத்திருக்கும் நாகமலை. இடது பக்கம் யானைமலை. அது நிஜமாகவே படுத்திருக்கும் யானை மாதிரிதான் இருக்கும், தப்பவே முடியாது. நடுவில் மீனாட்சி அம்மன் கோயிலின் கோபுரங்கள் தெரிந்தால் மதுரை வந்துவிட்டது! இன்னும் தெற்கே திருப்பரங்குன்றம் மலையை வலது பக்கம் விட்டுவிட்டுப் போனால் அவனியாபுரத்தைத் தாண்டி விமான நிலையம்.

சுலபம் என்று நினைக்கிறீர்களா? ஆடிக் காற்றை மறந்துவிட்டீர்களே! மேற்கிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு அந்தக் கால விமானத்தில் ஏறக்குறைய 25 நிமிடம். நீங்கள் மூக்கை நேராக மதுரையை நோக்கி வைத்து ஓட்டினாலும், காற்று உங்களை அந்த 25 நிமிடத்தில் 16 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளியிருக்கும். மதுரை என்று நினைத்துக் கீழே பார்த்தால் திருப்புவனம் பக்கம் இருப்பீர்கள்! அதனால் கொஞ்சம் மேற்கே திருப்பி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எவ்வளவு திருப்புவது? அது மனக்கணக்கு. திருப்பியபடியே கைக்கடிகாரத்தையும் பார்க்க வேண்டும், பெட்ரோலையும் பார்க்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இப்போது இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவது? ஒற்றை இன்ஜின் விமானி எப்போதும் கீழே ஒரு காலி இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்திருப்பார். நம் ஊரில் என்றால் தண்ணீர் வற்றிய கண்மாய், அறுவடை முடிந்த வயல். இவ்வளவையும் ஒரே நேரத்தில் செய்யக் கண்ணும் கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி ஜெ.ஆர்.டி.யிடம் வருவோம். நெவில் வின்சென்ட் என்று ஒரு ஆங்கிலேய விமானி. ஆங்கிலேய விமானப் படையில் இருந்தவர். இங்கிலாந்திலிருந்து கராச்சிக்கு விமானத்தில் வரும் தபால்களை, அங்கிருந்து மும்பைக்கும் சென்னைக்கும் விமானத்திலேயே கொண்டுபோனால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை. ஜெ.ஆர்.டி.க்குப் பிடித்துப்போனது. இரண்டு லட்சம் ரூபாய் முதலீடு. அரசின் அனுமதி கிடைக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது.

1932 அக்டோபர் 15. விடிந்தும் விடியாத காலை நேரம். கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து புஸ் மாத் என்ற சிறு விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார் ஜெ.ஆர்.டி. உள்ளே பயணிகள் இல்லை, தபால் மூட்டைதான். எடை சுமார் 25 கிலோ. நம் வீட்டு அரிசி மூட்டை ஒன்று! வழியில் கட்ச் பாலைவனம். உப்புப் பூத்த வெளி. மலையும் இல்லை, கோபுரமும் இல்லை, அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லை. அகமதாபாத்தில் இறங்கினார். விமானத்துக்கு ஊற்ற வேண்டிய பெட்ரோல் எப்படி வந்தது தெரியுமா? டின் டின்னாக மாட்டு வண்டியில்! பிற்பகலில் மும்பை ஜுஹுவில் இறங்கினார். அங்கே காத்திருந்த வின்சென்ட், தபாலை வாங்கிக்கொண்டு கிளம்பி, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த நிறுவனத்தில் ஆட்கள் எத்தனை பேர் என்கிறீர்கள்? ஜெ.ஆர்.டி.யையும் சேர்த்து மூன்று விமானிகள், பகுதி நேரமாக ஒரு இன்ஜினியர், இரண்டு பயிற்சி மெக்கானிக்குகள். ஜுஹுவில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. மழைக்காலம் வந்தால் அந்த இடம் முழுக்கச் சேறாகிவிடும். அதுதான் 1946ல் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. 1948ல் லண்டனுக்குப் பறந்தது. 1953ல் அரசுடைமை ஆனது. அதற்குப் பிறகும் ஜெ.ஆர்.டி.யே தலைவராக இருக்க வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடமே திரும்பி வந்துவிட்டது. இதை ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

1938ல், முப்பத்து நான்கு வயதில், டாடா குழுமத்தின் தலைவரானார் ஜெ.ஆர்.டி. நாள் முழுக்கக் கோப்புகள், கூட்டங்கள். விமானத்தைப் பிறர் ஓட்டினார்கள், இவர் நிர்வாகம் செய்தார். ஆனாலும் ஆசைக்குப் பறப்பதை விடவில்லை.

விட்டுவிடக் காரணம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டு அவருடைய பறக்கும் தோழர்கள் இருவர் போய்விட்டார்கள். நெவில் வின்சென்ட், போர்க்காலத்தில் இங்கிலாந்திலிருந்து திரும்பி வரும் வழியில், அவர் வந்த விமானத்தோடு மறைந்தார். அது சுட்டு வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படுகிறது. பரிசுப் போட்டியில் கலந்துகொண்ட மன்மோகன் சிங், ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் இறந்தார். சேர்ந்து தொடங்கியவர்கள் ஒவ்வொருவராகக் குறையும்போது, மிச்சம் இருப்பவரின் மனம் எப்படி இருந்திருக்கும்!

1962ல், முதல் தபால் விமானத்தின் முப்பதாம் ஆண்டு விழாவுக்காக, அதே கராச்சி - மும்பை வழியில் மறுபடி ஓட்டினார். அப்போது வயது 58. அந்த வயதில் பலர் ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

1978ல் ஒரு அடி விழுந்தது. ஏர் இந்தியாவின் தலைவர் பதவியிலிருந்து அரசு அவரைத் திடீரென்று நீக்கியது. சம்பளமே வாங்காமல் 25 ஆண்டுகள் பார்த்த வேலை அது. வயது 73. இதோடு விமானமும் வேண்டாம், ஆகாயமும் வேண்டாம் என்று அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1982ல் பொன்விழா வந்தது. அப்போதுதான், எழுபத்தெட்டு வயதில், மறுபடியும் நானே ஓட்டுகிறேன் என்றார் ஜெ.ஆர்.டி.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் அவருடைய பேரனோ பேத்தியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். (அவருக்குப் பிள்ளைகள் இல்லை, சும்மா ஒரு பேச்சுக்கு!) போங்கள் தாத்தா என்பீர்களா, போதும் தாத்தா என்பீர்களா?

போதும் என்பவர்களுக்கு நிறைய நியாயம் இருக்கிறது. விமானி உரிமம் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய்க் கண், காது, இதயம் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று சான்று வாங்க வேண்டும். வயது ஏற ஏற அந்த இடைவெளி குறையும். அந்தச் சான்று கிடைத்தாலும், தினமும் ஓட்டாதவரின் கைக்குப் பழக்கம் விட்டுப்போகும். மதுரைக்கு மேலே நாம் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? காற்று, கடிகாரம், பெட்ரோல், கீழே காலி இடம்... இதில் ஒன்றை ஒரு நிமிடம் தாமதமாகக் கவனித்தாலும் போச்சு. டி.வி.எஸ். 50 தாத்தா தலை சுற்றினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு டீக்கடையில் உட்காரலாம். ஆகாயத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாதே! அதோடு விமானிக்கு மட்டும் ஆபத்து இல்லை, கீழே வீடுகளில் இருப்பவர்களுக்கும்தான். அதனால்தான் உலகம் எங்கும் ஆசைக்குப் பறக்கும் எத்தனையோ பேர் ஒரு நாள் தாங்களாகவே உரிமத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அது கோழைத்தனம் இல்லை. சிலர் பக்கத்தில் இன்னொரு விமானியை வைத்துக்கொண்டு மட்டும் ஓட்டுகிறார்கள். அதுவும் நல்ல வழிதான்.

ஜெ.ஆர்.டி. வேறு முடிவெடுத்தார். 1930களில் வடிவமைக்கப்பட்ட லெப்பர்ட் மாத் என்ற விமானம் ஒன்று தேடிப் பிடித்துச் சீராக்கப்பட்டது. மரச்சட்டமும் துணியுமாகக் கட்டிய பழைய காலத்து விமானம் அது. 1932ல் கராச்சியும் மும்பையும் ஒரே நாட்டில் இருந்தன. இப்போது கராச்சி பாகிஸ்தானில். அதனால் இரண்டு நாட்டு அரசுகளின் சம்மதமும் தேவைப்பட்டது.

1982 அக்டோபர் 15. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய அதே தேதி. கராச்சியில் கிளம்பினார். அதே கட்ச் வெளி. அகமதாபாத்தில் இறங்கினார். இந்தத் தடவை மாட்டு வண்டி இல்லை! மறுபடி ஏறினார். மும்பை ஜுஹுவில் பெரிய கூட்டம் காத்திருந்தது. ஓலைக் கொட்டகை இருந்த ஊரில் இப்போது வானளாவிய கட்டடங்கள். கடல் பக்கமிருந்து ஒரு சிறு புள்ளி தெரிந்தது. புள்ளி பெரிதானது. சக்கரங்கள் தரையைத் தொட்டன.

ஏன் இந்த வயதில் இப்படி என்பதற்கு, இறங்கிய பிறகு அவரே காரணம் சொன்னார். தாங்கள் தொடங்கிய நாட்களில் இருந்த உற்சாகமும் நம்பிக்கையும் நாட்டில் குறைந்துவருவதாக அவருக்கு வருத்தம். இளைஞர்களிடம் அதைக் கொஞ்சமாவது தூண்டிவிடலாம் என்று நினைத்தாராம். இருக்கலாம். ஆனால் எனக்கு என்னவோ, ஹார்டலோ கடற்கரையில் அண்ணாந்து பார்த்த பையனுக்கு இன்னொரு தடவை பறக்க வேண்டும் போல இருந்தது, அதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

1992ல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1993 நவம்பர் 29ந் தேதி, 89வது வயதில், ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டார்.

சுட்டிகளே, ஒரு வேண்டுகோள். இந்தக் கதையைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினால், டாக்டரிடம் சான்று வாங்குகிற பகுதியையும் விடாமல் படித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். உங்கள் அம்மா என்னைத்தான் திட்டுவார்!